ஊருக்கு ஒரு கொட்டகை

1952-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருதை நாடு முழுவதற்குமாக நான்கு இசைக்கலைஞர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த விருதுக்கே அதுதான் முதல் ஆண்டு. இந்துஸ்தானியில் அலாவுதீன் கான், முஷ்டாக் உசேன் கான். கர்நாடக இசையில் வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். இவர்கள் இருவரின் ஊர்ப்பெயருக்கும் இடையில் இருப்பது சில மைல் தூரம்தான். காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நடந்தே போய்விடலாம். ஆறு கிடையாது, அரசவை கிடையாது, ஐப்பசி தவறினால் கண்மாயும் நிறையாது. அப்படிப்பட்ட செம்மண் பூமியின் ஒரு மூலைக்கு நாட்டின் முதல் நான்கு விருதில் இரண்டு வந்து சேர்ந்தது.

அந்தப் பட்டியலை இன்னும் நீட்டலாம். வயலினைப் பேசவைத்த குன்னக்குடி வைத்தியநாதன் 1935-இல் குன்றக்குடியில் பிறந்தவர். மிருதங்கத்தைத் தனி வாத்தியமாகவே நிறுத்திக் காட்டிய காரைக்குடி மணி 1945-இல் பிறந்தவர், 2023-இல் மறைந்தார். எல்லோருக்கும் ஊர்ப்பெயர் முன்னால் நிற்கிறது. ஒருவரும் ஊரில் தங்கவில்லை. அரியக்குடி சென்னைக்குப் போனார். சாம்பசிவ ஐயரைக் கடைசிக் காலத்தில் கலாக்ஷேத்ரா அழைத்துக்கொண்டது. குன்னக்குடிக்கும் மணிக்கும் மேடை சென்னையில்தான் அமைந்தது. வித்வான்களின் பெயர்ப்பலகையில் இருக்கும் காரைக்குடியும், பேருந்து நிலையத்தில் இறங்கினால் கண்ணில் படும் காரைக்குடியும் வேறு வேறாகிப் பல காலம் ஆயிற்று.

இந்த ஊரில் கலைக்கென்று ஒரு கட்டடம் இல்லாத காலத்தில்தான் கலை செழித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அரங்கம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் செட்டியார்கள் கொண்டுவிற்று வந்த பணம் வீடாக நின்றது. அந்த வீடே அரங்கமாகவும் இருந்தது. முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, தூண்களுக்குப் பின்னால் அறைகள். முற்றத்தில் பந்தல் போட்டு வித்வானை உட்காரவைத்தால் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசித் தூண் வரைக்கும் குரல் போகும். கல்யாணம் நாள்கணக்கில் நடக்கும். நாயனமும் தவிலும் தெருவையே எழுப்பிவிடும். ராத்திரி கச்சேரி முகப்பிலோ தெருவை அடைத்துப் போட்ட கொட்டகையிலோ நடக்கும். அழைப்பு இருந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள், இல்லாதவர்கள் தெருவில் நின்றார்கள். பாட்டு இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். எல்லோருக்கும் பாய் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். தெருவில்கூட நிற்க முடியாதவர்கள் இருந்தார்கள். அந்தப் புரவலர் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வேகமாக நகர்ந்துவிடுகிறார்கள்.

வீணை சகோதரர்கள் அந்தப் புரவலில் வளர்ந்தவர்கள். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி மார்போடு சாய்த்து வாசிப்பார். தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போலக் கிடத்தி வாசிப்பார். ஒரே மேடையில் ஒன்று நின்றும் ஒன்று கிடந்தும் இரண்டு வீணைகள் ஒன்றாகத் தானம் வாசிப்பதைக் கேட்கக் கூட்டம் கூடியது. அண்ணன் போன பிறகு தம்பி தனியாக வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். ரங்கநாயகி ராஜகோபாலன் சிறு குழந்தையாக அவர் வீட்டுக்கு வந்து குருகுலவாசம் இருந்தது காரைக்குடியில்தான். பாடத்திட்டம் இல்லை, தேர்வு இல்லை, விடுமுறை இல்லை. அடி உண்டு. அந்த முறையை இன்று யாரும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். ஆனால் ஒரு குழந்தை காலையிலிருந்து இரவு வரைக்கும் ஒரு வாத்தியத்தின் காதுபடும் தூரத்தில் வாழ்ந்தது என்ற ஒன்றை மட்டும் நம்முடைய கால அட்டவணைகளால் இதுவரை ஈடுசெய்ய முடியவில்லை.

பணம் வற்றியபோது கொட்டகையும் பிரிந்தது. 1930-களின் பொருளாதார மந்தம், 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தது, சுதந்திர பர்மாவின் 1948 நில தேசியமயச் சட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடி விழுந்தது. வீடுகளைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கும் கோவைக்கும் போனார்கள். பங்காளிகள் கூடும் கல்யாணத்துக்கும் சாந்திக்கும் மட்டும் கதவு திறந்தது. சில வீடுகள் இப்போது ஓட்டல்கள். சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் விருந்தினருக்காகப் பரதம் ஆடச் சொல்கிறார்கள். ஆடுகிற பெண்ணுக்கு அது வருமானம் என்பதால் அதைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த முற்றத்துக்கும் அந்தத் தெருவுக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

சினிமாகூட இங்கே கொஞ்ச நாள் கொட்டகை போட்டுப் பார்த்தது. போர்க்காலத்தில் சென்னையில் ஸ்டுடியோவுக்கு மின்சாரம் கிடைக்காமல் போகவே ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக்கொட்டகைகளை எழுப்பிப் படம் எடுத்தார். 1947 பொங்கலுக்கு வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானதுதான். பாரதி பாட்டும் குமாரி கமலாவின் நடனமும் தமிழ்நாடெங்கும் போய்ச் சேர்ந்தது அந்தப் பொட்டலிலிருந்து. நிலைமை சரியானதும் ஸ்டுடியோ வடபழனிக்குப் போய்விட்டது. இந்த மண்ணில் கலை வந்து தங்கும், வளரும், பிறகு சென்னைக்கு ரயில் ஏறும் என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இதில் வேடிக்கை, செட்டிநாட்டுப் பணம் தன் ஊரில் கட்டாத இசைக்கூடங்களை வெளியூர்களில் கட்டியிருக்கிறது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தை நிறுவியபோது இசைக்கல்வியும் உடன் தொடங்கியது. இந்தியாவில் பல்கலைக்கழகம் என்றால் சட்டமும் இங்கிலீஷும் என்று இருந்த நாளில் பாட்டு வாத்தியாருக்கும் அங்கே நாற்காலி போட்டார்கள். டைகர் வரதாச்சாரியார் அங்கே இருந்தார். தஞ்சை நால்வர் வழிவந்த பொன்னையா பிள்ளை இருந்தார். பின்னாளில் தண்டபாணி தேசிகர் இருந்தார். ஜமீன்தாரின் தயவில் வாழ்ந்த கலைஞருக்கு மாதம் பிறந்தால் சம்பளம், வகுப்பறைக்குள் மரியாதை என்பது சாதாரண மாற்றமல்ல. பரம்பரையாக வீட்டுக்குள் மட்டும் கைமாறிய வித்தையை வெளியிலிருந்து வரும் எந்தப் பிள்ளையும் விண்ணப்பம் போட்டுக் கற்கலாம் என்று ஆனது.

அந்த இசைத்துறை பட்டம் கொடுத்ததோடு நின்றிருந்தால் இன்று அதைப் பற்றிப் பேச ஒன்றும் இருந்திருக்காது. 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு ஏன் கடைசியில் துக்கடாவாக வர வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஆண்டே சென்னை மியூசிக் அகாதெமி, இசையின் தரம்தான் முக்கியம், மொழி அல்ல என்று பதில் தீர்மானம் போட்டது. பத்திரிகைகளில் சண்டை மூண்டது. கல்கி ஒரு பக்கம் நின்று எழுதித் தள்ளினார். பாட்டுகளுக்குச் சுரம் போட்டுப் பல்கலைக்கழகம் புத்தகங்களாக வெளியிட்டது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது, 1952-இல் அதற்கு ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது, தேவாரப் பண்களைப் பற்றி வித்வான்களும் ஓதுவார்களும் ஆண்டுதோறும் கூடி விவாதித்தார்கள். தீர்மானங்களின் சரி தவறைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறை ஊரோடு சண்டை போட்டது, ஊர் திருப்பிச் சண்டைக்கு வந்தது. கலைக்கும் சமூகத்துக்கும் உறவு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை. இன்றைய கல்லூரி விழாக்களில் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அவ்வளவும் நடந்தது சிதம்பரத்திலும் சென்னை எஸ்பிளனேடிலும். காரைக்குடிக்குக் கல்வி நிறுவனத்தையே கொண்டுவந்தவர் கோட்டையூர் ராம. அழகப்பச் செட்டியார். 1909-இல் பிறந்து 48 வயதுகூட நிறையாமல் 1957 ஏப்ரலில் மறைந்தவர். 1947-இல் கலைக்கல்லூரியைக் காரைக்குடி காந்தி மாளிகையில் தொடங்கினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இழுத்துவந்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கல்வியியல், பொறியியல், பாலிடெக்னிக், உடற்கல்வி, மகளிர் கல்லூரி என்று அழகப்பாபுரம் முளைத்தது. 1985-இல் அதுவே அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமாயிற்று. வெளியூரில் பெயர் வாங்குவதைவிட்டு ஊருக்கே கொண்டுவந்தது அவர் செய்த பெரிய மாற்றம். அப்போதைய அவசரம் மின்வேதியியலும் பொறியியலும். அது சரியான அவசரம்தான். வீணைக்கும் நாடகத்துக்கும் முறை வரவேண்டியது அதற்கு அடுத்த தலைமுறையில்.

அந்த முறை வந்துவிட்டது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன். அதற்கு முன், ஊரிடம் இன்று என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ‘மக்களிடம் கலையைக் கொண்டுசெல்வோம்’ என்று பதாகை எழுதுகிறவர்கள் மாசி பிறந்த பிறகு ஒரு ராத்திரி சிவகங்கைச் சீமையின் ஏதாவது ஒரு கிராமத்துப் பொட்டலுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

அம்மன் கோயில் திருவிழா. பத்து மணிக்கு மேல்தான் ஆர்மோனியத்தில் கை விழும். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரர், மிருதங்கம், ஆல்ரவுண்ட். சுவரொட்டியில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று முகமும் பெயரும் போட்டு அச்சடித்திருப்பார்கள். நாடகம் பெரும்பாலும் ‘வள்ளி திருமணம்’. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக்கொடுத்துவிட்டுப் போனது. இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். நிலையான குழு கிடையாது. ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்து பேசியிருப்பார்கள், ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்து. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி என்று நடிகர் சங்கங்களின் வழியாகத் தேதி எடுக்கிறார்கள். ஒத்திகை இல்லை. சில இரவுகளில் முருகனும் வள்ளியும் முதன்முதலில் முகம் பார்ப்பதே மேடைக்குப் பின்னால் பொட்டு வைத்துக்கொள்ளும்போதுதான். பபூன் வந்து ஊரைச் சிரிக்கவைத்துச் சூடாக்கிவிட்டுப் போவார். நள்ளிரவுக்கு மேல் நாரதருக்கும் வள்ளிக்கும், பிறகு வேடனாக வந்த முருகனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம். இவர் ஒரு கேள்வி போடுவார், அவர் பாட்டில் மடக்குவார், எந்தச் சுருதியில் எடுத்தாலும் ஆர்மோனியக்காரர் பின்பாட்டோடு தாங்கிக்கொள்வார். பிள்ளைகள் பாயிலேயே தூங்கிவிடும். பெரியவர்கள் விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சொல் தடுக்கினால் முன்வரிசைக் கிழவர் எடுத்துக்கொடுப்பார். அவருக்குப் பாடம் முழுக்கத் தெரியும்.

இவ்வளவு நினைவாற்றலும் சமயோசிதமும் சுருதி ஞானமும் கொண்ட ஒரு கலைக்குப் பயிற்சி எங்கே நடந்தது? பாய்ஸ் கம்பெனிகளில். கம்பெனிகள் போன பிறகு அப்பா அம்மாவைப் பார்த்தும் வாத்தியாரிடம் பாடம் கேட்டும் கற்றுக்கொண்டார்கள். இனி? நடிகர்கள் தம் பிள்ளைகளை இதில் விடத் தயங்குகிறார்கள். மேடையில் ராணியாக நின்ற பெண்ணைப் பகலில் ஊர் என்ன பேசும் என்பது அவர்களுக்குத் தெரியும். இங்கேதான் பல்கலைக்கழகத்தின் வேலை இருக்கிறது. சிதம்பரம் 1929-இல் பாட்டு வாத்தியாருக்குப் போட்ட நாற்காலியைக் காரைக்குடி ஸ்பெஷல் நாடகத்துக்குப் போட வேண்டும். சுவாமிகளின் பெயரில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி அங்கே பணியாற்றியிருக்கிறார். நவீன நாடகத்துக்கு அது பெரிய கொடை. சுவாமிகளின் நாடகங்கள் விடிய விடிய இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் சீமையில் அவற்றுக்கென்று ஒரு வகுப்பறை வேண்டாமா?

பேராதனையில் இது நடந்திருக்கிறது. 1960-களில் இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை வளாகத்துக்குள் கொண்டுவந்தார். கிராமத்து அண்ணாவிமாரிடம் மாணவர்களைப் பழக்கி 1962-இல் ‘கர்ணன் போர்’, 1964-இல் ‘இராவணேசன்’ என்று மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. அவர் பின்னாளில் கூத்தின் பெரும் ஆய்வாளரானார், மட்டக்களப்பிலேயே அதைத் தலைமுறைகளுக்குக் கற்பித்தார். விடிய விடிய ஆடும் வட்டக்களரிக் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடையில் ஏற்றினால் அது கூத்தாகுமா என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. இன்றுவரை ஓயவில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் படித்தவர்கள் தலைகுனிந்த ஒன்றைப் படித்தவர்களே ஆடினார்கள் என்பதால் ஊரில் அண்ணாவியாருக்கு மரியாதை கூடியது. நம் பக்கத்தில் இன்னும் நடக்காதது அதுதான்.

மட்டக்களப்பில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் சுவாமி விபுலாநந்தரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த விபுலாநந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். செட்டிநாட்டுப் பணத்தில் எழுந்த வளாகத்துக்கும் மட்டக்களப்புக்கும் அவர் ஒரு பாலம். சிதம்பரத்துக்கும் இலங்கைக்கும் எட்டிய இந்த வலை காரைக்குடியில் வந்து முடிச்சு விழாமல் இருப்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. வீணை சகோதரர்களின் குடும்பத்தில் வந்த காரைக்குடி எஸ். சுப்பிரமணியன் தன் வீணை மரபைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை 1985-இல் செய்து முடித்தது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில். பாலசரஸ்வதியும் அவர் தம்பிமார் விஸ்வநாதனும் ரங்கநாதனும் பாடம் சொன்ன இடம் அது. கனெக்டிகட்டுக்கு வேண்டியிருந்த காரைக்குடி பாணி காரைக்குடிக்கு வேண்டியிருக்கவில்லை என்று கசப்பாகச் சொல்லலாம். அதே 1985-இல்தான் இங்கே பல்கலைக்கழகம் பிறந்தது என்பதால் பழியை யார் மேலும் போட முடியவில்லை.

பல்கலைக்கழகம் இல்லாமலே ஊர் தாங்கிநிற்கும் விழா ஒன்றும் இருக்கிறது. 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழா. பங்குனியில் காரைக்குடியில் கூடுவார்கள், அத்த நாளன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைவு செய்வார்கள். நேரம் தவறாமை என்றால் என்ன என்று தமிழ்நாட்டு மேடைகள் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கூட்டம் வராது, ஊருக்கு ரசனை போய்விட்டது என்பவர்களுக்கு அந்தப் பந்தலும் பதில், வள்ளி திருமணப் பொட்டலும் பதில். கூட்டம் இருக்கிறது. இசையும் நாடகமும் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அந்தக் கூட்டத்தோடு பழக ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டுப் படிப்பு. நாதசுரம் படித்து வெளியே வரும் பையனுக்கு முதல் கச்சேரியை யார் கொடுப்பார்கள்? கல்யாண மண்டபத்தில் மேளத்துக்குப் பதில் டி.ஜே. வைக்கிறார்கள். பழைய முகப்புகள் பூட்டிக் கிடக்கின்றன.

பல்கலைக்கழக அரங்கம் அந்த முகப்பாக ஆக வேண்டும். பொதுவாக நம் வளாகங்களில் அரங்கம் என்பது பட்டமளிப்புக்கும் கருத்தரங்கத் தொடக்கவிழாவுக்கும் குளிரூட்டி வைத்திருக்கும் பெரிய அறை. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, தேசியகீதம். ஊர்க்காரர் உள்ளே வர வேண்டுமென்றால் மகளோ மகனோ பட்டம் வாங்க வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, சீட்டு இல்லாமல், காவலாளி கேள்வி கேட்காமல், கோட்டையூரிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் உட்காரலாம் என்று அறிவித்துவிட்டு ஓராண்டு விடாமல் நடத்தட்டும். அரங்கத்துக்குள் அடங்காத கலைகளுக்கு வெளியே மரத்தடி இருக்கிறது. முளைப்பாரிக் கும்மிக்கும் ஒயிலுக்கும் மேடை ஆகாது, வட்டம் வேண்டும். ஆச்சிமாரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பாடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கும்போதே பதிவுசெய்துவிடட்டும். இதற்குத் திட்ட அறிக்கை எழுதவேண்டியதில்லை. ஒரு ஒலிப்பதிவுக் கருவியும், கேட்கத் தெரிந்த இரண்டு மாணவிகளும் போதும்.

தொகுதி தொகுதியாகக் கருத்தரங்கக் கட்டுரைகள் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ‘செட்டிநாட்டுக் கலைகளில் மரபும் மாற்றமும்’ என்ற தலைப்பில் ஐம்பது கட்டுரை வாசிப்பதைவிட ஓர் ஆர்மோனியக்காரர் ஒரு பருவம் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்திருப்பது பயனுள்ளது.

பட்டம் இல்லாதவரை எப்படி ஆசிரியராக வைப்பது என்று அலுவலகத்தில் கேட்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நடைமுறைப் பேராசிரியர் என்று ஒரு பதவிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தன் துறையில் 15 ஆண்டு தேர்ச்சி வேண்டும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை, கலைத்துறையினரும் வரலாம். சிவகங்கைச் சீமையில் முப்பது ஆண்டு ராஜபார்ட் போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டியது பல்கலைக்கழகம். அனுப்புவதானால் ஆடிக்குப் பிறகு அனுப்புங்கள். மாசி முதல் ஆடி வரை அவர்களுக்கு நாடகத் தேதி இருக்கும்.